முதல் சந்திப்புக்கு எந்த ஏரி?

எங்கள் பறவைக் குழு வாட்ஸ்அப்பில் ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் காலையில் யாராவது பால்கனியிலிருந்து எடுத்த ஒரு படத்தைப் போட்டு "இது என்ன குருவி?" என்று கேட்பார். பத்து நிமிடத்துக்குள் மூன்று பேர் பதில் சொல்லிவிடுவார்கள். மடிப்பாக்கத்தில் ஒருவர், தாம்பரத்தில் ஒருவர், தண்டையார்பேட்டையில் ஒருவர் என்று நாற்பதுக்கு மேல் ஆள் சேர்ந்துவிட்டோம். ஆனால் ஒருவரை ஒருவர் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. வருகிற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நேரில் சந்திப்பது என்று முடிவாகிவிட்டது. எங்கே என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

ஒரு மாதமாக இதே யோசனைதான். குழுவில் நான்கு இடங்களின் பெயர் அடிபடுகிறது: வேடந்தாங்கல், பழவேற்காடு, கிண்டி, பள்ளிக்கரணை. ஐந்தாவதாக, மடிப்பாக்கத்து அம்மா ஒருவர் தன் வீட்டு மொட்டைமாடிக்கே எல்லோரும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார். இவற்றை எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். உங்கள் குழுவுக்கும் இதே கேள்வி இருந்தால் உதவட்டும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கே அதிகப் பறவை இருக்கிறது என்பதை வைத்து முதல் சந்திப்புக்கு இடம் தேடக் கூடாது. நாங்கள் இதுவரை பார்க்காதது ஒருவர் முகத்தை ஒருவர்தான். பறவையைத் தனியாகப் போயும் பார்க்கலாம். அதனால் எல்லோரும் வந்து சேர முடிகிற இடமா, நின்று பேச முடிகிற இடமா, புதிதாக வந்தவர் ஓரமாக ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள முடிகிற இடமா என்று இந்த மூன்றைத்தான் ஒவ்வொரு இடத்துக்கும் கேட்டேன்.

பாதிப் பேர் வேடந்தாங்கலுக்குத்தான் கைதூக்கினார்கள். தூக்கத்தான் செய்வார்கள். ஜனவரியில் அந்த ஏரியைப் போல இன்னொரு இடம் பக்கத்தில் கிடையாது. முப்பது ஹெக்டேர்தான், சின்ன ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கிளை தெரியாத அளவுக்குக் கூடுகள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, வக்கா என்று கரையில் நின்றபடியே எண்ணிக்கொண்டு போகலாம். ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்த ஏரி அது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த ஏரிக்குப் பாதுகாப்பு கொடுத்து உத்தரவு போட்டிருக்கிறார். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. பக்கத்துக் கரிக்கிலியோடு சேர்த்து 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் வந்துவிட்டது.

இவ்வளவு இருந்தும் முதல் சந்திப்புக்கு அது வேண்டாம் என்கிறேன். காரணம் தூரம். சென்னையிலிருந்து ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமென்றால் தென்சென்னையில் இருப்பவரே நான்கு, நாலரைக்குக் கிளம்ப வேண்டும். தண்டையார்பேட்டைக்காரர் மூன்றரைக்கு. முன்பு நான் இருந்த வேறொரு குழுவில் இதே வேடந்தாங்கலைத்தான் முதல் சந்திப்புக்கு வைத்தோம். வருகிறேன் என்றவர்கள் இருபத்திரண்டு பேர். வேன் வந்து நின்றபோது இருந்தவர்கள் ஒன்பது பேர். விடியற்காலை இருட்டில் ஒரு பெண் தனியாக வந்து, முன்பின் தெரியாதவர்களோடு வேனில் ஏறி எண்பது கிலோமீட்டர் போக வேண்டும் என்றால் வீட்டில் எப்படி விடுவார்கள்? அந்தக் கோணத்தில் நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. வராத பதின்மூன்று பேரில் எட்டுப் பேர் பெண்கள். அதற்குப் பிறகு அவர்களில் பலர் குழுவில் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கூட்டில் குஞ்சு இருக்கிற நேரம் அது. இருபத்தைந்து பேர் கரையில் நின்று அரட்டை அடிக்கக் கூடாது, அடிக்கவும் மனசு வராது. எல்லோரும் கிசுகிசுவென்று பேசிவிட்டுத் திரும்புவோம். பழகுவதற்கு அது சரிவராது. ஏற்கெனவே நண்பர்களாக இருக்கிறவர்கள் சேர்ந்து போய் மௌனமாக நின்று பார்க்க வேண்டிய இடம் வேடந்தாங்கல். மாலை நான்கு மணிக்கு மேல், இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரத்துக்குப் போனால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருடத்தில் அங்கே பறவைகள் தங்குவதில்லை. கிளம்பும் முன் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

பழவேற்காட்டைச் சொன்னவர்கள் இளைஞர்கள். பூநாரைக் கூட்டம் பார்க்க வேண்டும், டச்சுக்காரர் கல்லறைகளையும் பார்க்கலாம், திரும்பும்போது மீன் சாப்பாடு என்று ஆசையாகச் சொன்னார்கள். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. ஆனால் பரப்பு பெரியது என்பதால் பறவை எங்கே இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. பூநாரைகள் பல நாள் தொலைவில் ஒரு ரோஜா நிறக் கோடாகத்தான் தெரியும். கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் படகு என்ற பேச்சு கண்டிப்பாக எழும். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு அங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த குழுவை அழைத்துப் போய், கரையில் யாராவது "படகு வேணுமா?" என்று கேட்கும்போது வேண்டாம் என்று ஒவ்வொருவரையும் தடுத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நாள் முழுக்க ஒதுக்கி, கார் எடுத்துக்கொண்டு, சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலைப் பக்கமாகப் போய்ப் பார்ப்பதுதான் அந்த ஏரிக்குச் சரியான வழி.

கிண்டி சிறுவர் பூங்கா எளிது. பஸ் உண்டு, மின்சார ரயில் உண்டு, மெட்ரோ உண்டு, கழிப்பறையும் நிழலும் உண்டு. ஆனால் பூங்கா திறக்கும்போது காலை ஒன்பது மணி ஆகிவிடும். அதற்குள் பறவைகளின் காலைப் பரபரப்பு அடங்கிவிடும். தேசியப் பூங்காவின் காட்டுக்குள் நினைத்தபடி நடக்கவும் முடியாது. கூண்டுப் பறவைகளைப் பார்க்க நாம் கூடவில்லை. சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் மட்டும் தனியாக ஒரு நாள் போகலாம்.

மொட்டைமாடி யோசனையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் பேசிப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. காபி உண்டு, நாற்காலி உண்டு, மாலை ஐந்து மணிக்குக் கிளிக்கூட்டம் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போகும். ஆனால் நாற்பது பேரை ஒரே வீட்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அம்மா ஆசையோடு கூப்பிடுகிறார், உண்மைதான். அதற்காக அத்தனை பேருக்கும் டம்ளர் கழுவுகிற வேலையையும் அவரிடமே விட்டுவிடுவதா? தவிர, அறிமுகமில்லாத வீட்டுக்குள் நுழையப் பலருக்குக் கூச்சம் இருக்கும். மே மாத வெயிலில், பத்துப் பதினைந்து பேர் படங்களைப் பார்த்துப் பேசுவதற்கு அந்த மாடியைக் கேட்டு வைத்திருக்கிறேன்.

மீதி இருப்பது பள்ளிக்கரணை. என் ஓட்டு இதற்குத்தான்.

பள்ளிக்கரணை என்றதும் குழுவில் இரண்டு பேர் முகம் சுளிக்கிற பொம்மையைப் போட்டார்கள். குப்பைமேட்டு நாற்றம், ரேடியல் சாலை இரைச்சல், நான்கு பக்கமும் கட்டடங்கள். எதையும் மறுக்க முடியாது. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்திருந்த சதுப்பு நிலத்தில் நாம் பார்ப்பது மிச்சம்தான். ஆனால் அந்த மிச்சத்துக்குள்தான் தென்சென்னையின் எத்தனையோ ஏரிகளின் உபரித் தண்ணீர் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளத்தில் கடலைத் தொடுகிறது. 2007-ல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-ல் ராம்சார் இடமானது. எங்கள் குழுவில் பாதிப் பேர் தினமும் இதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். தான் தினமும் கடந்துபோகும் இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் இறங்கி நின்று பார்ப்பதற்கு வேடந்தாங்கல் ஈடாகாது.

2021-ல் திறந்த சுற்றுச்சூழல் பூங்கா நம் வேலையைச் சுலபமாக்கிவிட்டது. முன்பெல்லாம் ரேடியல் சாலை ஓரத்தில் லாரிக்கு ஒதுங்கி நின்றுதான் பார்ப்போம். ஒரு கண் நாமக்கோழி மேல், ஒரு கண் கூட வந்த பையன் மேல். இப்போது நடைபாதையில் நின்று பார்க்கலாம். குழந்தை ஓடினாலும் பயமில்லை, கால் வலிக்கிறவர் உட்கார்ந்துகொள்ளலாம். நடக்க விருப்பமுள்ளவர் நடக்கட்டும். மற்றவர்கள் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றாலே போதும். தண்ணீர் அவர்கள் முன்னால் பறவையைக் கொண்டுவந்து நிறுத்தும்.

இந்த நின்று பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பறவை பார்ப்பது என்றாலே நடை என்று நினைத்துத் திட்டம் போடுகிறோம். நடந்தால் என்ன ஆகும் என்றால், பெரிய லென்ஸ் கேமரா வைத்திருக்கும் நான்கு பேர் முன்னால் போய்விடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் அவர்களோடு போவார்கள். வயதானவர்களும் புதியவர்களும் பின்னால் தங்கிவிடுவார்கள். பின்னால் இருப்பவர்கள் வருவதற்குள் முன்னால் போனவர்களைப் பார்த்துப் பறவை பறந்திருக்கும். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரே குழுவாகப் போனவர்கள் மூன்று குழுவாகத் திரும்புவார்கள். அதற்குப் பதில், முக்காலியில் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப்பை, அதாவது தூரத்துப் பறவையைப் பெரிதாகக் காட்டும் ஒற்றைக் கண் தொலைநோக்கியை, நிறுத்திவிட்டால் அதைச் சுற்றி ஒரு வரிசை வந்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் பேசாமல் இருக்க முடியாது. "தெரியுதா?", "இடது பக்கம், அந்தக் கோரைக்குப் பக்கத்துல", "ஓ, அதுவா!" என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பார்கள். அறிமுகம் தனியாகத் தேவையே இல்லை.

போன வருடம் என் பெரியம்மாவை அங்கே அழைத்துப் போயிருந்தேன். எழுபத்திரண்டு வயது. பைனாகுலரைக் கண்ணில் வைக்கத் தெரியவில்லை, ஒரே இருட்டாக இருக்கிறது என்றார். ஸ்கோப்பை நானே ஒரு நீலத் தாழைக்கோழி மேல் வைத்துவிட்டு அவரைப் பார்க்கச் சொன்னேன். அது ஒரு கோரைத் தண்டை அலகால் பிடுங்கியது. பிறகு ஒரு காலால் தண்டைப் பிடித்துத் தூக்கி, நாம் கரும்பு கடிப்பது போல அடிப்பக்கத்து வெள்ளைக் குருத்தை மட்டும் உரித்துத் தின்றது. பெரியம்மா கண்ணை எடுக்கவே இல்லை. "கையால சாப்பிடுதுடா" என்றார். பின்னால் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து, "நீ பாரும்மா" என்று அவரே காட்டினார். முதல் சந்திப்பில் எனக்கு வேண்டியது இதுதான்.

நீலத் தாழைக்கோழிக்கு ஜனவரிதான் வேண்டும் என்று இல்லை, வருடம் முழுக்க இருக்கும். இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழி, முங்கி முங்கி எழும் முக்குளிப்பான், நெடுங்கால் உள்ளான், தலைக்கு மேல் வந்தாலே வாத்துகளையெல்லாம் கலைத்துவிடும் சேற்றுப் பூனைப்பருந்து என்று அன்றைக்கு எது வந்தாலும் சரி. பூநாரையை மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நல்ல மழை பெய்த வருடத்தில் ஜனவரியில் தண்ணீர் ஆழமாக இருக்கும். அது இறங்கி ஆழம் குறைந்த பிறகுதான் பூநாரைக்கு நிற்க வசதி. பூநாரைக்கென்றே வந்தவர் அது இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் பார்க்காமல் திரும்பிவிடுவார்.

இனி கழிப்பறை. சந்திப்பு பற்றிய பேச்சில் யாரும் வாய் திறந்து கேட்காத விஷயம் இது. ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்பது இதில்தான் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்பது மணி வரை ஏரிக்கரையில் நிற்க வேண்டும் என்றால், பல பெண்கள் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வருவதே இல்லை. அதனால் கூடும் இடத்தையும் பறவை பார்க்கும் இடத்தையும் பிரித்துவிட்டேன். எல்லோரும் முதலில் வேளச்சேரியில் ஒரு டிபன் கடையில் சேர்கிறோம். கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா, காலை ஆறுக்கே திறக்கிறார்களா என்று நானும் இன்னொரு உறுப்பினரும் நேரில் போய்ப் பார்த்துவிட்டோம். கடற்கரையிலிருந்து வருகிற பறக்கும் ரயிலுக்கும் வேளச்சேரிதான் வசதி. வடசென்னைக்காரர்கள் வண்டி இல்லாமலே வந்து சேரலாம். அங்கே ஒரு காபி. பிறகு ஆட்டோ, கார், பைக் என்று இருக்கிறதைப் பங்கிட்டுக்கொண்டு சதுப்பு நிலத்துக்கு. எட்டரைக்குத் திரும்பி அதே கடையில் பொங்கல், வடை. உண்மையான பேச்சு அந்த மேஜையில்தான் நடக்கும். சாப்பிட்ட பில்லை அவரவர் கொடுத்துவிடலாம். ஒருவரே மொத்தமாகக் கொடுத்தால் அடுத்த முறை வருவதற்குப் பலர் தயங்குவார்கள். பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பதை மட்டும் அந்த வாரத்தில் இன்னொரு முறை வாசலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்வேன்.

தேதியிலும் ஒரு சிக்கல் இருந்தது. பொங்கல் விடுமுறையிலேயே வைத்துவிடலாம் என்றார்கள். போகியன்று காலையில் சென்னையில் புகை மூட்டத்தில் எதிர்வீடே தெரியாது. அன்று பறவை பார்க்கப் போவது கண்ணுக்கும் நல்லதில்லை, நெஞ்சுக்கும் நல்லதில்லை. காணும் பொங்கலன்று எந்தப் பூங்காவிலும் மனிதத் தலைதான் தெரியும். நடுவில் இருக்கிற இரண்டு நாளும் பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள். அதனால் பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு. மார்கழி முடியவில்லை, விடிகாலையில் எழுந்து பழகியிருப்பார்கள். ஆறரையை ஒட்டித்தான் சூரியன் உதிக்கும், அவசரப்பட வேண்டியதில்லை.

அந்த ஞாயிறைப் பிடித்துக்கொள்ள எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கே இருந்தாலும் சரி, ஒரு கால் மணி நேரமாவது நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்யும் இபேர்ட் (eBird) செயலியில் ஏற்றினால் போதும். எங்கள் குழுவில் பலருக்கு ஏற்றத் தெரியாது. டிபன் மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று காலை பார்த்த பட்டியலையே வைத்துச் செய்து காட்டிவிடலாம். அடுத்த சில நாளில் அவர்கள் திருவாரூருக்கும் சிவகங்கைக்கும் திருநெல்வேலிக்கும் கிளம்புவார்கள். ஊர்க்குளத்துக் கரையில் நின்று அவர்கள் எண்ணுவது, நாங்கள் நாற்பது பேரும் சென்னையிலேயே இருந்து எண்ணுவதைவிட எவ்வளவோ பயனுள்ளது. வேடந்தாங்கலுக்குப் போய் வந்தால் களைப்பில் வேனில் தூங்கிவிடுவோம், இதெல்லாம் நடக்காது.

குழுவில் ஓட்டெடுப்பு வைக்கலாமா என்று கேட்டார்கள். ஐந்து இடத்தையும் போட்டு ஓட்டுக் கேட்டால் ஓட்டு ஐந்தாகப் பிரியும். தன் இடம் தோற்றுவிட்டது என்று பாதிப் பேருக்கு மனக்குறை வரும். அதற்குப் பதில் இதை எழுதிக் குழுவில் போடுகிறேன். வலுவான மறுப்பு யாருக்காவது இருந்தால் எனக்கு ஃபோன் செய்து சொல்லலாம், மாற்றிக்கொள்ளத் தயார். மாற்றத் தயாராக இல்லாதது ஒன்று உண்டு. ஸ்பீக்கரில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிட்டுப் படம் எடுக்கிற வேலை அன்று வேண்டாம். அது பறவையை வீணாக அலைக்கழிக்கும். முதல் நாள் பார்க்கிற புதியவர்கள் அதுதான் முறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஸ்கோப்பும் முக்காலியும் நான் கொண்டுவருகிறேன். எட்டு மடங்கு பைனாகுலர் இருப்பவர்கள், ஒன்று கூடுதலாக இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். இதுவரை ஆறு பேர் தங்களிடம் பைனாகுலர் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கக் கையில் நான்குதான் சேர்ந்திருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து வருகிறவர் ஆறே காலுக்குள் வேளச்சேரி ஸ்டேஷனில் இறங்கிவிடுவதாகச் சொன்னார். படிக்கட்டுக்குக் கீழே பச்சைத் தொப்பியோடு நின்றுகொண்டிருப்பேன்.